தங்கத்தாய் முற்றத்து வெயில்

விய வருஷம், அதாவது 1946இல், ஐப்பசி பதினேழாம் தேதி காலையில் பனவடலிசத்திரம் முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கத்தாய் வீட்டு முற்றத்தில் மட்டும் வெயில் அடித்தது. கிழமேல் இருபத்திரண்டு அடி, தென்வடல் பதினாறு அடி. ஊர்த் தச்சர் முழக்கோலால் அளந்து சொன்னது இது. முற்றத்துச் சுவரின் வெளிப்பக்கம் மழையில் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது. உள்பக்கம் கை வைக்க முடியாதபடி சுட்டது.

தங்கத்தாயின் புருஷன் மூக்காண்டி, கல்யாணமான இரண்டாம் வருஷம் ரங்கூன் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவன். ஒரு வருஷத்தில் வருவதாகச் சொல்லிப் போனவன் எட்டு வருஷம் கழித்து, ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, காட்டுவழியாக நடந்து, அஸ்ஸாமில் ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தான். கையில் பெட்டியில்லை, காலில் செருப்பில்லை. வேட்டி முந்தியில் மட்டும் பதினான்கு மக்காச்சோள மணிகள் முடிந்திருந்தன. நாவல்பழ நிறத்தில் இருந்த அவற்றைப் பார்த்து ஊரே சிரித்தது. தங்கத்தாய் சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை, வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து நான்கு வருஷம் அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவசியம் ஏற்பட்டால் கட்டிக்கிடக்கும் வெள்ளாட்டைப் பார்த்து, "கஞ்சி ஆறுது, குடிக்கச் சொல்லு" என்பாள். ஆடு சொல்லாமலே அவன் வந்து குடிப்பான்.

பதினான்கில் பதினொன்று முளைத்தது. கிணற்றடித் தோட்டத்தில் அவற்றை மூக்காண்டி பிள்ளை மாதிரி வளர்த்தான். விளைந்ததில் நீளமான, வரிசை கோணாத கதிர்களைத் தனியே எடுத்து, தோகையை உரித்துப் பின்னுக்கு மடக்கி, இரண்டிரண்டாக முடிந்து உத்தரத்தில் தொங்கவிட்டான். நன்றாகக் காய்ந்ததும் அடியிலும் நுனியிலும் உள்ள மணிகளை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, நடுக்கதிர் மணிகளை மட்டும் உதிர்த்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, கலயத்தில் இட்டு வாயைச் சாணியால் மெழுகினான். மூன்றாம் வருஷம் கிணறு வைத்திருந்த எல்லோரும் வந்து கைப்பிடி விதை வாங்கிப் போனார்கள். ரேஷன் அரிசி ஒழுங்காக வராத காலம். அந்தச் சோளக்கஞ்சியில்தான் ஊர்ப் பிள்ளைகள் வயிறு நிறைந்தது. சங்கரன்கோவில் சந்தையில் தேடினாலும் அந்த விதை கிடைக்காது.

1946இல் கதிர் ஒடித்து முடித்த மூன்றாம் நாள் பிடித்த மழை பதினைந்து நாளாகியும் விடவில்லை. வீட்டுக்கு வீடு உத்தரத்தில் தொங்கிய கதிர்களில் பூசணம் பிடித்தது. சிலவற்றில் மணிகள் கதிரிலேயே வெள்ளை முளை விட்டன. பதினேழாம் தேதி காலை மூக்காண்டி தன் கதிர்களை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அடுப்படியில் இருந்து அதைப் பார்த்த தங்கத்தாய்க்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கதிர்களைப் பிடுங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் முற்றத்துக்குப் போய், ஓலைப்பாயை விரித்து அதில் எறிந்தாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எட்டு வருசத்துல ஒரு காயிதம் போட வழியில்ல. சோளத்துக்கு மட்டும் அழுகை வருதோ உமக்கு?"

அப்போதுதான் வெயில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மாமியார் செத்ததற்கு வராதது, கூரை பறந்த வருஷம் தனியாகக் கிடுகு முடைந்தது, ஊரார் கேட்ட கேள்விகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது பாயில் நாலு மழைச்சொட்டு விழுந்தது. மழைக்கு இறவாரத்தில் ஒதுங்கி நின்ற வளையல் வியாபாரி சுலைமான்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தார்.

"தாயீ, நிப்பாட்டிராத! நீ வாயை மூடினா வெயிலு மங்குது."

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் கதிர்களோடு வந்துவிட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல்வரை நனைந்து வந்து, முற்றத்தில் காலை வைத்ததும் சாக்கைக் காயப் போட்டார்கள். யார் வீட்டுக் கதிர் என்று தெரிய ஆளுக்கொரு நிறத் துணியைக் கிழித்துக் கட்டினார்கள். தொண்டை கட்டாமல் இருக்க, பக்கத்து வீட்டு ஞானசெல்வி சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். தங்கத்தாய் மூன்று நாள் ஏசினாள். மூக்காண்டி அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதிர்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அத்தனையையும் கேட்டான். நான்காம் நாள் உச்சிப்பொழுதில் ஏச்சு தீர்ந்துபோனது. வெயில் மங்கியது. ஊரே பதறிப் பாய்களைச் சுருட்ட எழுந்தது.

"எக்கா, ஏசுதது தீந்துட்டுன்னா ஏதாச்சும் கேளுங்க. கேக்கதுக்கு எம்புட்டோ இருக்கும்லா" என்றாள் ஞானசெல்வி.

தங்கத்தாய் கொஞ்சம் யோசித்து, குரலைத் தணித்து, "ஏன் காயிதம் போடல?" என்று கேட்டாள்.

மூக்காண்டி கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தான். "மேஸ்திரியான பொறவு எழுதணும்னு இருந்தேன். கடைசிவரைக்கும் மூட்டைதான் தூக்குனேன்" என்றான். பிறகு கேட்காமலே மலைப்பாதையைச் சொன்னான். "மூணு நாளாப் பட்டினி. ஒரு மலைக்காரப் பொம்பள ஒரு கதிரு குடுத்தா. முழுசும் திங்கத்தான் இருந்தேன். பதினாலு மணி மிச்சம் இருக்கையில உன் நெனப்பு வந்துட்டு. வெறுங்கையோட எப்படி வாரதுன்னு முடிஞ்சு வச்சுக்கிட்டேன்."

அவன் கீழே வைத்த கதிரைத் தங்கத்தாய் எடுத்துத் திருப்பிப் போட்டாள்.

"அதையும் தின்னுட்டு வந்திருக்கலாம்லா" என்றாள் தங்கத்தாய். "ஆளு வந்தாப் போதும்னுதான நான் இருந்தேன்."

அதற்குமேல் அடித்த வெயிலில் பெண்கள் நிழல் தேடிச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அதன்பின் ஏழு நாள் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள்: ரங்கூன் தெருக்களை அவனும், அவன் இல்லாத வருஷங்களில் ஊரில் நடந்த கல்யாணங்களை அவளும். சிரிப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஊராரும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். பதினோராம் நாள் சுலைமான் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. சாம்பலில் புரட்டிய விதை நாற்பத்துமூன்று கலயங்களில் ஏறியது. மறுநாள் மழையும் நின்றது. அடுத்த ஆடியில் விதைத்ததில் பழுதென்று ஒரு மணிகூடக் கிடையாது.

அதன்பின் அந்த முற்றத்தில் மழைநாளில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினால் வெயில் அடிப்பது வழக்கமாகிவிட்டது. சண்டை போட்டாலும் அடித்தது. பேச்சுத்தான் கணக்கு. 1948இல் அவர்களுக்குப் பகவதி என்று ஒரு பெண் பிறந்தாள். அவளுடைய துணிகள் ஒருநாளும் ஈரமாக இருந்ததில்லை. ஊரார் மிளகாய் வற்றலும் கூழ்வடகமும் கொண்டுவந்து பரப்பினார்கள். விவசாய இலாகாவிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, விதையை எத்தனை நாள் காயவைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மூன்று வருஷம் மழையே பெய்யவில்லை. விதை கலயத்துச் சாம்பலில் பத்திரமாகக் கிடந்தது. அந்த நாட்களில் அவர்கள் பேசியதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தாலும் பேசினார்கள்.

1955 ஐப்பசியில் ஞானசெல்வியின் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். அன்று நல்ல மழை. பந்தல் போடவில்லை, தங்கத்தாயின் முற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை அவளும் மூக்காண்டியும் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பாயசத்துக்கு வெல்லம் பத்துமா பத்தாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் மேலநீலிதநல்லூரிலிருந்து பெண்வீட்டார் கூண்டுவண்டிகளில் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் முற்றத்துக்குள் நுழைந்து, ஒருமுறை வானத்தையும் ஒருமுறை பெஞ்சில் இருந்தவர்களையும் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"இதை எங்கன காயப் போடலாம்?" என்று கேட்டார்.

கொடியைக் காட்டினார்கள்.