இரண்டு கரண்டிக்கு நடுவே ஒரு மாத்திரை

தையல்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொல்லித் தபால்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு போனால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றுவார்கள். எண்ணைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். "இது எறங்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை இப்படி ஆகிவிட்டது. மூன்றாவது தடவையும் இப்படியே ஆனால் மெஷினை விற்றுவிடுவது என்று அவளே சொல்லியிருந்தாள். சொன்னாளே தவிர, அதை நினைத்தாலே இல்லாத அழுத்தமும் ஏறியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர்."

அது சத்தியமான பேச்சு. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அழுத்தம் இறங்கவில்லை, காலையில் தலைசுற்றல்தான் புதிதாக வந்து சேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எழுதிக்கொடுத்த மருந்தை மக்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போகிற ரகமில்லை. மருந்து சாப்பிடும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

தையல்காரியின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். அவருக்கு இந்தப் படிப்பு விளங்கவே இல்லை.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? வாயத் தெறக்கணும், போடணும், முழுங்கணும். பட்டம் குடுக்கறதா இருந்தா எனக்கே குடுத்துடலாமே!"

"அப்படித்தான்பா எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தர் ஆஸ்துமா மருந்த தினம் சட்டையில அடிச்சுக்கிட்டு ஆபீஸ் போறாரு. கேட்டா, மருந்து நல்லதுதான், வாசனைதான் பத்தலங்கறாரு."

டிரைவர் சிரித்தார். பழைய எஞ்சின் கிளம்புகிற மாதிரி முதலில் இருமல் வரும், அப்புறம்தான் சிரிப்பு வரும் அவருக்கு.

பெண் முக்காலியிலிருந்த வெட்டுத் துணிகளை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் இல்லேன்னு நெனச்சுக்கங்கம்மா. தினம் எப்படியோ அப்படியே செய்யுங்க."

தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ஒன்று இருந்தது: அவளுக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதில் ஒரு மாத்திரை தொண்டையில் மாட்டி, வீடே கூடி முதுகில் குத்தி எடுத்த நாளிலிருந்து வராது. பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இதை யாரிடம் சொல்வது?

டிரைவர் பழக்கதோஷத்தில் கரண்டிகளை எடுக்கப் போனார். அவள் கண்ணாலேயே அடக்கினாள். அவர் குழம்பிப்போய் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். அவள் வாயில் போட்டாள். தண்ணீர் போயிற்று, மாத்திரை கன்னத்தில் ஒதுங்கியது.

"எத்தன வருஷமாம்மா தைக்கறீங்க?" என்றாள் பெண்.

"ம்ம்."

"மெஷின் பழசா?"

"ம்ம்ம்."

கசப்பு நாக்கில் இறங்க ஆரம்பித்தது. முகம் கோணியது, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கையில் கிடைத்த லைனிங் துணியில் தூவென்று துப்பிவிட்டு, "ஒரு மனுஷிய இந்தப் பாடு படுத்துவியாடி!" என்றாள் தையல்காரி.

"நான் ஒண்ணுமே பண்ணலியேம்மா!"

"சொல்லித் தொலையேன்," என்றார் டிரைவர். "இவளுக்கு முழுங்க வராதும்மா. நான்தான் பொடி பண்ணித் தேன்ல கொழச்சுக் குடுப்பேன்." இரண்டு கரண்டிகளைக் கொண்டுவந்து, நடுவில் புது மாத்திரையை வைத்து, அழுத்திக் காட்ட ஆயத்தமானார். "மேட்டுல பிரேக் போடற மாதிரி மெதுவா அழுத்தணும். பட்டுனு அழுத்தினா தெறிச்சிடும்."

"நிறுத்துங்கப்பா!" பெண் துள்ளி எழுந்ததில் துணியெல்லாம் தரையில் கொட்டியது. "இதானா! இது பொடிக்கவே கூடாத மாத்திரை. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையறதுக்குன்னே செஞ்சது. பொடிச்சா மொத்தமும் ஒரே மூச்சுல எறங்கிடும். அதான் காலையில தலை சுத்துது. மத்தியானம் நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள மருந்து தீந்து போயிருக்கும்."

டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று. "நாள் பூரா ஓட வேண்டிய டீசல ஷெட்லயே எரிச்சிட்டேனா?"

"வாய மூடுங்க. அந்தத் தேன் இல்லேன்னா நான் ஒரு மாத்திரை தின்னிருப்பனா?" என்று அதட்டினாள் அவர் மனைவி.

பெண் அங்கிருந்தே டாக்டருக்கு போன் செய்தாள். மாத்திரையின் அளவைப் பழையபடி குறைக்கச் சொன்னார் அவர். "பொடிக்கற மாதிரி வேற மருந்தும் இருக்குன்னு சொல்றாரும்மா. இல்ல, முழுங்கக் கத்துக்கறதுன்னாலும் சரிதானாம்" என்றாள் பெண்.

"பட்டுத்துணி வெட்டக் கத்துக்கிட்டவ நான். இதக் கத்துக்க மாட்டனா?"

பள்ளிக்கூடம் அன்றைக்கே தொடங்கியது. ரொட்டியை மிளகளவு உருட்டினார்கள். தண்ணீர் பாட்டிலை உதட்டால் இறுக்கிப் பிடித்து, குழந்தை பால் குடிப்பது போல உறிஞ்ச வேண்டும். அந்த இழுப்பிலேயே உருண்டை போய்விடும். முதலில் தண்ணீர் மூக்கில் வந்தது. அப்புறம் ரவிக்கையெல்லாம் நனைந்தது. "இதென்ன பெரிய வித்தை, இங்க பாரு" என்று பாட்டிலை வாங்கிய டிரைவருக்குப் புரையேறி, அவர் முதுகில் அவள் குத்த வேண்டியதாயிற்று. கொஞ்சம் பலமாகவே குத்தினாள்.

மிளகு பட்டாணியாயிற்று. பிறகு ஒரு காலை, பெண் வந்து பார்த்துக்கொண்டிருக்க, அசல் மாத்திரை. ஒரு இழுப்பு. தையல்காரி அசையாமல் நின்றாள். நாக்கால் இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மேலண்ணம் எல்லாம் துழாவினாள்.

"காணோம்டி!"

"போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சும்மா!"

"ஏங்க, காணோம்ங்க!" என்று வாயைத் திறந்துகொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடினாள். டிரைவர் டார்ச் அடித்துப் பார்த்து, "வண்டி கெளம்பிடுச்சு" என்று அறிவித்தார்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பட்டை சுற்றிய நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் அடுத்த கையிலும் சுற்றினாள். பிறகு, "உள்ள போங்கம்மா, கவுன் மாத்திக்கங்க" என்றாள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் தையல்காரி முதலில் பார்த்தது எதிரே நின்ற கணவரைத்தான். முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பார்வை கீழே இறங்கியது. சிரிப்பு நின்றது.

"எந்தக் கடன்காரன் தைச்சான் இந்தச் சட்டைய? காலர் ஒரு பக்கம் முழத்துக்கு நிக்குது, இன்னொரு பக்கத்தக் காணோம்!"

டிரைவர் நர்ஸைப் பார்த்தார், ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"நீதாம்மா தைச்ச."

"இதப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துனீங்க?"

"நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

"அப்ப மத்தவங்களுக்குத் தைச்சதெல்லாம்?"

"அவங்களும் ஒண்ணும் சொல்லல."

"கழட்டுங்க."

"இங்கயா?"

"கழட்டுங்கங்கறேன்!"

அத்தனை பேர் நடுவில் டிரைவர் பனியனோடு நின்று இருமத் தொடங்கினார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஆராய்ச்சிப் பெண் முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள். தையல்காரி சட்டையை மடியில் விரித்து, காலரின் தையலை நகத்தால் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.