படித்தேன் என்று சொன்ன புத்தகம்

கிளை நூலகத்தின் இடது சுவரை ஒட்டி நான்கு அலமாரிகள் இருந்தன. அவற்றின் மேலே 'கதை அல்லாதவை' என்ற பலகை. தராசு பழுது பார்ப்பவர் ஒருவர் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பலகைக்குக் கீழே வந்து நிற்பார். கதைப் புத்தகங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

"நடக்காததைப் படிச்சு நான் என்ன பண்ணப்போறேன் மேடம்?" என்பார் நூலகரிடம்.

எறும்பு, பூகம்பம், கண்ணாடி செய்யும் விதம், திமிங்கிலத்தின் காது என்று எதையும் விட்டுவைக்காமல் படித்தார். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு 'ஏன்' வரும். அதனால் அவருக்கு 'ஏன் அண்ணன்' என்று பெயர் விழுந்திருந்தது. அவருடைய கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலமாரியில் விரலை ஓட்டி, சரியான புத்தகத்தை உருவி எடுத்து நீட்டுவதைவிட நூலகருக்கு அந்த வேலையில் பெரிய சந்தோஷம் இல்லை.

நூலகர் ஒற்றை ஆள். புத்தகங்கள் ஒன்பதாயிரம். முன்னுரை, பொருளடக்கம், முதல் மூன்று அத்தியாயம், கடைசிப் பத்துப் பக்கம் என்று பார்த்துவிட்டு உள்ளே ஒரு பச்சைச் சீட்டு வைப்பார்: 'இது பிடித்திருந்தால், அடுத்து இதைப் படியுங்கள்.' இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும் அவர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டார்.

"கடல்ல உப்பு எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சுது மேடம். ஆனா மனுஷன் ஏன் அதுக்கு இப்படி அலையுறான்? ஒரு சிட்டிகை குறைஞ்சா தட்டையே தள்ளி வைக்கிறோமே?"

உப்பைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று புதிதாக வந்திருந்தது. நூலகர் எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க படிச்சீங்களா?"

மேசை முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். "படிச்சேன். நம்பி எடுத்துட்டுப் போங்க."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வரவில்லை. தடித்த புத்தகம்தானே, நேரம் எடுக்கும் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் புதன்கிழமை, வழக்கமாக வரும் நர்ஸ் ஒருத்தி அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை, செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏழாவது அத்தியாயம் பாத்தீங்களா மேடம்? இதை வாங்கச் சொன்ன மகராசன் யாரு?"

நூலகர் நின்றபடியே படித்தார். உப்பு வணிகம், உப்பு வரி எல்லாம் ஆறு அத்தியாயத்தில் அழகாக முடிந்திருந்தது. ஏழாவதில் எழுதியவர் வைத்தியராக மாறியிருந்தார். ரத்த அழுத்த மாத்திரைகள் வெறும் ஏமாற்று, அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுத் தினமும் காலையில் ஒரு கரண்டி உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள் என்றார். குணமானதாகப் பதினாறு பேருடைய படங்களும் இருந்தன.

தராசுக்காரர் அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். ஒருமுறை எறும்புப் புத்தகத்துக்குள் அடையாளமாக மாத்திரை அட்டையை வைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். அன்று இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நூலகர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். நர்ஸை மேசையில் உட்காரச் சொல்லிவிட்டுத் தராசுக் கடைக்குப் போக வெயிலில் இறங்கினார். 'கடவுளே, அவர் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கக் கூடாது' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே நடந்தார். அவர் எதையும் பாதியில் விடுபவர் அல்ல என்பதும் தெரிந்தே இருந்தது.

கடையில் தட்டுகளுக்கும் சங்கிலிகளுக்கும் நடுவே அவர் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். முகம் லேசாக ஊதியிருந்தது.

"அடடே, வாங்க மேடம்! தராசு வாங்க வந்தீங்களா, புத்தகம் கெடு தாண்டிடுச்சுன்னு என்னைப் பிடிக்க வந்தீங்களா?"

"அண்ணே, மாத்திரை சாப்பிடுறீங்கதானே?"

"அதை விட்டுப் பத்து நாள் ஆச்சே! காலையில உப்புத் தண்ணி. முதல்ல குமட்டுச்சு, இப்போ பழகிடுச்சு. பின்மண்டையில மட்டும் ஒரு வலி. அது விஷம் இறங்குற வலியாம், போட்டிருக்கு."

"அது தப்பு அண்ணே. அந்தப் புத்தகமே தப்பு. இப்பவே டாக்டரைப் பாக்கணும்."

அவர் சிரித்தார். "எப்படி மேடம் தப்பா இருக்கும்? கதை அல்லாதவைன்னு நீங்கதானே பலகை மாட்டியிருக்கீங்க? கதை இல்லேன்னா உண்மைதானே? அதுக்கும் மேல, நீங்க படிச்சுட்டுதானே குடுத்தீங்க."

அந்தப் பலகையை ஒருவர் இப்படிப் படிக்கக்கூடும் என்று நூலகர் ஒருநாளும் நினைத்ததில்லை. 'அந்த ஒரு அத்தியாயத்தைக் கவனிக்காம விட்டுட்டேன்' என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவர் டாக்டரிடம் வரக்கூடும், வராமலும் போகலாம். ஒரு பொய் இங்கே கொண்டுவந்து விட்டது போதும் என்று நூலகரின் மனம் சொன்னது.

"நான் படிக்கல அண்ணே. மூணு அத்தியாயமும் கடைசிப் பக்கங்களும்தான். படிச்சேன்னு பொய் சொல்லிட்டேன்."

அரம் நின்றது. சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"நல்லா இருக்கும்மா உங்க நியாயம்! நான் கரடியாக் கத்தினேன். 'படிச்சவங்க சொல்றாங்க, உனக்கு என்ன தெரியும்'னு என் வாயை அடைச்சாரு. நீங்க பாத்தா படிக்கவே இல்லங்கிறீங்க!"

அவர் மனைவியையும் பார்க்கவில்லை, நூலகரையும் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய ஆஸ்பத்திரி. ஒரு கையில் அழுத்தம் பார்த்தவர் சந்தேகத்தோடு மறு கையிலும் பார்த்தார். இருநூற்றுப் பத்து. உடனே படுக்க வைத்தார்கள். "பக்கவாதம் வராதது நீங்க பண்ண புண்ணியம்," என்று டாக்டர் கடிந்துகொண்டார். "ராத்திரி இங்கேயே இருங்க. இனிமே எதையாவது நிறுத்தறதுன்னா என்னைக் கேட்டுட்டு நிறுத்துங்க."

நூலகர் கட்டிலருகே நின்றார். "மன்னிச்சுடுங்க அண்ணே."

அவர் தலையைத் திருப்பி நூலகரைப் பார்த்தார். "எடைக்கல் குறையுறது சகஜம் மேடம். தேய்ஞ்சிருக்கும், உடைஞ்சிருக்கும். குறையுதுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம். சோதிக்காமலே சோதிச்சாச்சுன்னு முத்திரை குத்திக் குடுத்தா என்ன பண்றது?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து நூலகர் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்தார். முழுதாகப் படிக்காதவற்றிலிருந்து பச்சைச் சீட்டுகளை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் பத்தொன்பதுதான் மிஞ்சின. பலகைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டினார்: 'இவற்றிலும் தவறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் கேளுங்கள்.' எவ்வளவு செய்தும் மனம் ஆறவில்லை. சனிக்கிழமை முழுவதும் தராசுக்காரருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் மனைவி வந்தாள். உப்புப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"இப்போ எப்படி இருக்காருங்க?"

"நூத்தி அறுபதுல நிக்குது. மாத்திரையை மாத்தியிருக்காங்க. போகப் போகத்தான் தெரியும்னு சொல்லிட்டாங்க."

"என்மேல ரொம்பக் கோபமா இருப்பாரு."

"கோபப்பட்டாத்தான் பரவாயில்லையே! கடையிலேர்ந்து வந்து சுவரைப் பாத்துட்டு உக்காந்துடுறாரு. முன்னாடியெல்லாம் சாப்பிடும்போது எறும்பு அப்படி, திமிங்கிலம் இப்படின்னு உயிரை எடுப்பாரு. இப்போ வீட்டுல சத்தமே இல்ல. எனக்குப் பயமா இருக்கு." அவள் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு புத்தகம் குடுங்க. நீங்க நிஜமாவே படிச்சதா இருக்கணும்."

நூலகர் அலமாரிக்குப் போய்ப் பறவைகளின் வலசை பற்றிய மெல்லிய புத்தகத்தை எடுத்துவந்தார். "ரெண்டு தடவை படிச்சிருக்கேன். அம்பதாம் பக்கத்துல ஒரு விஷயம் எனக்கே சரியாப் புரியல. அதையும் அவர்கிட்ட சொல்லுங்க."

"பதிஞ்சு வைங்க. உடனே அவர்கிட்ட குடுக்கமாட்டேன். முதல்ல நான் படிக்கணும். ஒரு நாளும் புத்தகம் தொட்டவ இல்ல, நிறைய நாள் ஆகும்."

"எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்குங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாசிப்பு மேசையில் உட்கார்ந்து, முதல் வரியில் விரலை வைத்து, உதடு அசைய எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். நூலகர் சத்தமில்லாமல் போய், அவள் தலைக்குமேல் இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார்.