முழுவியளம்

"தவமலர் குசினிக்குள்ள நிக்கட்டும். நீ போற வான் ஒழுங்கையைத் தாண்டின பிறகு வெளியில வந்தாச் சரி."

மார்க்கண்டு மாமாவின் குரலில் கோபம்கூட இல்லை. மழை வரப்போகுது, விறகை உள்ளே எடுங்கோ என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் நிலாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா? அம்மா அப்பா இல்லாத என்னைப் படிப்பிச்சு ஆளாக்கினது அக்கா. அவதான் படலையடியில நிண்டு என்னை அனுப்ப வேணும்."

"விசர்க்கதை கதையாதை. தூரப் பயணம். முழுவியளம் பாக்க வேண்டாமோ? இரஞ்சிதம் மாமி தோய்ஞ்சிட்டு நிறைசெம்போட நிக்கிறா. அவவின்ட முகத்தில முழிச்சிட்டு ஏறு."

வெளிக்கிடுகிறவருக்கு எதிரே முதலில் வருகிற ஆள்தான் முழுவியளம். மண்கும்பான் ஊரில் அதைப் பாராமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டார்கள். சுமங்கலி வந்தால் காரியம் சித்தி. தாலி இழந்தவள் வந்துவிட்டால், திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும்.

தவமலர் தாலி இழந்தவளா? அதைத்தான் எட்டு வருசமாக ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை. தொண்ணூற்றாறில் ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போன அவள் புருசன் யோகனை வழியில் இறக்கிக் கொண்டுபோனார்கள். ஆள் திரும்பவேயில்லை. மரணத்தைப் பதியப் போனால், "அவர் செத்ததுக்கு அத்தாட்சி இல்லையே அம்மா" என்று பதிவுக் கந்தோரில் திருப்பி அனுப்பினார்கள். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டால், "நீ நில்லு பிள்ளை" என்று சொந்தக்காரர் மறித்தார்கள். கந்தோரில் சுமங்கலி, வீட்டில் விதவை. இதென்ன கண்றாவி நியாயம்! தவமலர் மட்டும் காலையில் எழும்பிப் பொட்டு வைப்பதை விடவில்லை.

மாமாவுக்கோ மருமகளால் வந்த பெருமை தாங்கமுடியவில்லை. மீன் வாங்குகிற இடத்திலும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். "எங்கட பிள்ளை மனித உரிமையில முதுமாணி படிக்கப் போகுது. ஒரு நாடில்லை, மூண்டு நாடு! இத்தாலியில தொடங்கி, சுவீடனில படிச்சு, பிலிப்பைன்சில முடிக்குமாம்." எந்த மனிதருக்கு என்ன உரிமை என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நேற்று நிலாந்தினி கேட்டாள். காணாமல் போனவர்களின் மனைவிமாரைப் பற்றித்தான் ஆய்வு செய்யப்போகிறேன் என்றும் சொன்னாள். "நல்ல விசயம்தானே, அங்க போய் வடிவா எழுது" என்றார் மாமா. இந்த மனுசனோடு என்னத்தைக் கதைக்கிறது?

அவள் குசினிக்குள் போனாள். தவமலர் அடுப்படியில் புட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்கோ. ஆர் என்ன சொன்னாலும் நீங்கள் முன்னுக்கு நிக்கிறீங்கள்."

"எனக்கு ஏலாது."

"நீங்களுமோ அக்கா? நீங்களும் உதை நம்பிறீங்களோ?"

"நான் நம்பிறனோ இல்லையோ, அவை நம்புகினம். நாளைக்குக் கட்டுநாயக்கா எயாப்போட்டில உன்னைத் திருப்பி அனுப்பினா, ஆரின்ட முகத்தில முழிச்சதெண்டு கேப்பினம். மாமியின்ட மகளின்ட கலியாணம் குழம்பினதுக்கும் என்னைத்தான் சொன்னவை. நான் ஒருக்காத்தான் எட்டிப் பாத்தனான்." தவமலர் கண்ணைத் துடைக்கவில்லை. கையெல்லாம் புட்டு. "போட்டு வா. நான் யன்னலால பாக்கிறன்."

நிலாந்தினிக்கு வாயில் வந்ததெல்லாம் வசைதான். யாரை வைவது? அவள் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தோள்பையைத் திறந்தாள். கடவுச்சீட்டை எடுத்து மா டின்னின் மேல் வைத்துவிட்டு, பார்சலோடு வெளியே வந்தாள்.

இரஞ்சிதம் மாமி செம்போடு எதிரே வந்தாள். மாமாவும் ஏறியதும், வான்காரன் மண்டைதீவு லியோன் வானை எடுத்தான். ஒழுங்கை முடிந்து தெருவில் ஏறுவதற்குள் நிலாந்தினி பையைக் கிண்டத் தொடங்கினாள்.

"மாமா, பாஸ்போட்டை விட்டிட்டு வந்திட்டன்."

"ஐயோ கடவுளே! எங்கை?"

"குசினிக்குள்ள."

லியோன் பிறேக் போட்டான். "திருப்பட்டே அண்ணை?"

"வேண்டாம், வேண்டாம்! வெளிக்கிட்டிட்டுத் திரும்பக் கூடாது." மாமா தலையை வெளியே நீட்டினார். படலையில் செம்போடு நின்ற மாமியைக் கூப்பிடலாம். ஆனால் மாமிக்கு முழங்கால் வருத்தம், ஓடமாட்டாள். யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் காத்து நிற்காது. மாமா இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"தவமலர்! எடி பிள்ளை தவமலர்! பாஸ்போட்டைக் கொண்டு முன்னுக்கு ஓடிவா!"

எட்டு வருசத்தில் முதல்தரம் அவளை முன்னுக்குக் கூப்பிட்டார்.

தவமலர் ஓடிவந்தாள். வான் யன்னலுக்குள்ளால் கடவுச்சீட்டை நீட்டியபோது தங்கையின் முகத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"விசரி, வேணுமெண்டு விட்டனீ."

"ஓம்."

"சரி, குடுத்தாச்செல்லே, வீட்டை போ" என்றார் மாமா. பிறகு லியோன் பக்கம் திரும்பினார். "ஒருக்காத் திருப்பும் தம்பி. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்."

"வெளிக்கிட்டிட்டுத் திரும்பக் கூடாதெண்டு இப்பத்தானே சொன்னனீங்கள் மாமா" என்றாள் நிலாந்தினி. "அவவைக் கூப்பிட்டதும் நீங்கள்தான்."

தவமலர் வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி, வானுக்கு முன்னால் போய் ஒழுங்கையின் நடுவில் நேராக நின்றாள். புட்டு மா காய்ந்த கையால் பொட்டைச் சரிசெய்தாள். மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தாச்சோ?" என்று கேட்டாள் தவமலர்.

"பாத்தாச்சு அக்கா."

"அப்ப வானை எடும் லியோன்" என்று சொல்லிவிட்டு, அவள் வழிவிட்டு வேலியோரம் ஒதுங்கினாள். வான் போனபிறகும் குசினிக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றாள்.