வெள்ளையடித்த சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டை

அந்த அலுவலகத்தில் நாற்காலி ஒன்று, பெயர்ப்பலகைக்குப் பக்கம் இரண்டு. காலையில் அவர் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி. மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைநிலை ஊழியர் பலகையைத் திருப்பி வைப்பார். அதே மனிதர் சுரங்க முதலீட்டு ஊக்குவிப்பு அதிகாரி ஆகிவிடுவார். ஆள் கிடைக்கும்வரை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. அரசாங்கத்தின் மூன்று மாதம் கொஞ்சம் நீளம்.

போன மாதம் ஒரு காலைப் பொழுதில், கற்சுரங்கத்தின் கிழக்குச் சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டு வந்தார். பாறை அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வேலையை நிறுத்த வேண்டும். போன வாரம் ஒரு மதியப் பொழுதில் அதே சுரங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: 'திங்கட்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். கண்ணில் படும் இடமெல்லாம் வெள்ளையடிக்கவும்.'

திங்கட்கிழமை பத்தரைக்குப் போய் இறங்கினால், கிழக்குச் சுவர் ஆள் உயரத்துக்குப் பளீரென்று நின்றது. பாறைக்கே வெள்ளையடித்திருந்தார்கள்.

"சனிக்கிழமையே முடிச்சாச்சு சார்," என்றார் மேனேஜர், பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் காட்டுகிற பெருமையோடு.

"என் கண்ணாடி எங்கய்யா?"

"அதுக்கும் சேர்த்தே அடிச்சாச்சு. நீங்கதானே எழுதியிருந்தீங்க, கண்ணில் படும் இடமெல்லாம்னு."

யாரைத் திட்டுவது? கையெழுத்து அவருடையது. கையால் தடவிக்கொண்டே போய்ப் பட்டையைக் கண்டுபிடித்தார். சுண்ணாம்பின் மேலேயே ஒரு கோடு ஓடியது. நகத்தை வைத்தார், இரண்டு துண்டுக்கும் நடுவே நகம் நுழைந்தது. அப்படியென்றால் வெள்ளையடித்த பிறகு, இந்த இரண்டு நாளில், சுவர் நகர்ந்திருக்கிறது.

அதற்கு நேர் கீழே, குழியின் அடியில், துளைபோடும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி.

"நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் மேல ஏத்துங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சார், வண்டி பாதி வழி வந்தாச்சு. மத்தியானம் நீங்க வேற ஆளாயிடுவீங்கல்ல, அப்பப் பேசிக்கலாமே."

அவருக்கும் அப்படித்தான் ஆசையாக இருந்தது. வந்தவர்களைத் தூரத்திலேயே நிறுத்திக் காட்டி அனுப்பிவிடலாம். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஊக்குவிப்புக்கு ஆள் வருகிறது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் காலைதான்," என்றார். குரலில் வீரமெல்லாம் இல்லை, பல்வலிக்காரன் குரல்தான். தடை உத்தரவை முழங்காலில் வைத்தே எழுதிக் கொடுத்தார்.

இயந்திரம் ஓய்ந்தது. முகமெல்லாம் தூசியாக மச்சினன் ஏறி வந்தான்.

"என்ன மாமா, எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே. அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சீங்களா?"

"இனிமேதான் சொல்லணும். நீ முந்திக்காதே மாப்ள."

"மலைக்கு வெள்ளையடிக்கச் சொன்ன ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்," என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வந்த வண்டி வாசலோடு திரும்பிப் போனது.

மதியம் பலகை திரும்பியது. ஊக்குவிப்பு அதிகாரி பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதினார்: 'தங்கள் நடவடிக்கையால் முதலீட்டாளர் வருகை பாழானது. விளக்கம் தேவை.' விதி அப்படி. எழுதாவிட்டால் அதற்கு வேறு விளக்கம் கேட்பார்கள். ஊழியர் அதை வலது தட்டிலிருந்து எடுத்து, மேசையைச் சுற்றி வந்து, இடது தட்டில் வைத்தார்.

"பதில் இன்னிக்கே போடுவீங்களா சார்?"

"காலையில வர்றவரைக் கேளுப்பா. எனக்கு அவரை அவ்வளவாப் பிடிக்காது."

நான்கு மணிக்கு போன் அடித்தது. மச்சினன்தான்.

"மாமா, வேலியோரமா நின்னு மத்தியானத்துலேர்ந்து பார்த்துட்டிருக்கேன். சுவரு அப்படியேதான் நிக்குது. ஒரு சில்லுகூட விழல."

விழுந்திருந்தால் அவர் கெட்டிக்காரர். விழாதவரை ஊர் வாயில் விழுந்து கிடக்க வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டார். நகத்தில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"நிக்கட்டும் மாப்ள. நீ அதுக்குக் கீழ நிக்கலைல்ல?"

"வேலியோரமாத்தான் நிக்கிறேன்."

"இன்னும் நாலடி தள்ளி நில்லு," என்றார்.