அணில் கிழித்த கோட்டு

அந்த மயிலாப்பூர்ச் சந்து வீட்டின் கொல்லையில் ஒரு கொய்யா மரமும், ஓடு வேய்ந்த குளியலறையும் இருந்தன. இரண்டும் அணில்களின் சொத்து என்றே ஆகிவிட்டது. காயைப் பழுக்க விடாமல் கடித்துப் போடும். சோப்பைச் சுரண்டும். உலர்த்திய தலையணையில் பஞ்சைப் பிடுங்கும். சகினா நாள் முழுக்கக் குச்சியை வீசி விரட்டுவாள். அவள் தம்பி மனைவி குல்சும் ஏறிட்டும் பார்க்கமாட்டாள். விரட்டவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

குல்சுமின் கணவன் அப்துல் கரீம் ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு கடிதம் நின்றது. இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. தையல்கடையிலிருந்து மூட்டையாக வரும் பட்டாளத்துச் சட்டைகளுக்குக் குல்சும் வீட்டிலேயே பொத்தான் துளை வெட்டி ஓரம் தைத்து, காஜா போட்டுக் கொடுத்தாள். அதில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கண் எரியும், விரல் மடங்காது.

அவன் விட்டுப்போன கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதை வெயிலில் போட்டு, தூசி தட்டி, அந்துருண்டை வைத்து மடிக்கவேண்டும். "எந்தம்பி வந்து எறங்கினா போட்டுக்கணும்" என்பாள் சகினா. குல்சும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. முதலில் அதில் அவன் வாசனை இருந்தது. பிறகு அந்துருண்டை வாசனை மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமையும் கோட்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சட்டைகளோடு உட்கார்ந்தாள். நாலு காஜா போட்டிருப்பாள். அப்படியே மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சகினாவின் கூச்சல்தான் எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், கோட்டின் தோள்பட்டை கிழிந்து உள்துணி நார்நாராகத் தொங்கியது. வாயில் ஒரு கம்பளித் துணுக்கோடு அணில் ஒன்று சுவர்மேல் ஓடி, குளியலறைக் கூரையில் மறைந்தது.

"உன் கண்ணு இன்னா பொடனியிலயா கீது? ஏணிய வச்சு ஏறு! அந்தக் கூட்டைக் கலைச்சுக் கீழ தள்ளு!"

குல்சும் ஏறினாள். ஓட்டுக்கடியில் கைவிட்டபோது வெதுவெதுப்பாக ஏதோ நெளிந்தது. ஓட்டை விலக்கிப் பார்த்தாள். தென்னை நாருக்கும் பஞ்சுக்கும் நடுவே, கறுப்புக் கம்பளியில் புதைந்து மூன்று குட்டிகள். விரல் நீளம்கூட இல்லை.

"குட்டிங்க கீது லாத்தா. கண்ணுகூடத் தொறக்கல."

"இருந்தா இன்னா? தள்ளு!"

"என்னால ஆவாது."

மணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "எத்தினி நாளா ஆவாததையெல்லாம் செஞ்சிக்கினு கீறேன், லாத்தா. இனிமே முடியாது."

ஓட்டைப் பழையபடி மூடிவிட்டு இறங்கி வந்தாள். சகினா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அவன் வரமாட்டான்னே நெனச்சிட்டியா?"

"தெரியல லாத்தா. வந்தா புதுசு தைச்சுக் குடுக்கறேன். வாரா வாரம் இதைக் காயப்போட்டு மடிக்க என்கிட்ட தெம்பு இல்ல."

இதைச் சொன்னால் அழுகை வரும் என்று குல்சும் நினைத்தாள். வரவில்லை. சுமையை இறக்கி வைத்தவளுக்குப்போல் தோள் இரண்டும் வலித்தன, அவ்வளவுதான்.

சகினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்ச் சட்டை மூட்டையருகே உட்கார்ந்தாள்.

"ஊசியில நூலைக் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல. நீ போய்ச் செத்த நேரம் படு."

குல்சும் கோத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். எழுந்து பார்த்தபோது சகினா நாலு காஜா போட்டிருந்தாள். நாலும் கோணல். குல்சும் அவற்றைப் பிரித்து, மறுபடி போட ஆரம்பித்தாள்.