தப்பாக வாசிக்க ஆள் தேவை

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளுக்கு 'ஒரே டேக்' அக்கா என்று பெயர். தாளை முன்னால் வைத்தால் போதும், ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டு வயலினைத் தோளில் வைப்பாள். முதல் முறையே சரியாக விழும். இரண்டாவது டேக் கேட்டவரை அவள் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படி வாசித்தவளுக்குப் போன வருடம் முழுக்க வந்தவை நான்கே அழைப்புகள்.

அதற்குக் காரணம் யார் என்று கேட்டால், அவளேதான். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனி அவளை மூன்று நாள் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, வயலினில் உள்ள ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசித்து வாங்கிக்கொண்டது. சத்தமாக, மெதுவாக, நீளமாக, வெட்டி வெட்டி என்று ஒவ்வொன்றையும் ஆறு தடவை. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்ற மாதிரி இருக்குப்பா" என்று அவளும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தாள். நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்தும் போட்டாள். அந்த அரிச்சுவடிதான் இன்று ஒரு மென்பொருளாகி, எவன் கீபோர்டில் விரலை வைத்தாலும் அவளுடைய வயலின் கேட்கிறது. பற்பசை விளம்பரத்தில் அவள்தான். சீரியலில் மாமியார் கதவைத் திறக்கும்போது அவள்தான். பல் டாக்டர் வீட்டு லிஃப்டில்கூட அவள்தான். அவளைக் கூப்பிட மட்டும் ஆளில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். அடுத்தவன் காசில் தனக்கே வைத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

அவள் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவருடைய அக்கா பெரிய துணிக்கடை வைத்திருந்தாள். பில் போடும் இடத்தில் உட்கார நம்ம வீட்டு ஆளாக இருந்தால் நல்லது என்று இரண்டு மாதத்தில் மூன்று முறை சொல்லிவிட்டாள். கடைசியாகச் சொன்னபோது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. அதற்குப் பிறகு வயலினை எடுக்கும் தெம்பு எந்தத் தோளுக்கு இருக்கும்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒலிப்பதிவாளர் கூப்பிட்டான். அவள் அரிச்சுவடி வாசித்த அந்த மூன்று நாளும் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்தவன் அவன்தான்.

"அக்கா, அதே கம்பெனி. நாலு நாள் வேலை. நீங்கதான் வேணுமாம். நல்லா வந்தா வருஷா வருஷம் கூப்பிடுவாங்களாம்."

"என்ன வாசிக்கணும்?"

"நேர்ல சொல்றாங்களாம்க்கா."

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, மெஷின் எவ்ளோ துள்ளினாலும் கடைசில மனுஷன் கைதான் வேணும். அக்காகிட்ட நீ வரலன்னு சொல்லிடட்டுமா?" என்றார். அவளுக்கும் ஆசைதான். முதல் நாள் வேலை முடியட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அதே கூடம்தான். அதே நுரைப்பஞ்சுச் சுவர். மஞ்சளாக இருந்தது இப்போது பழுப்பாகியிருந்தது. பதிவு தொடங்கினால் மைக்கில் இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்திவிடுவார்கள், பத்து நிமிடத்தில் முதுகில் துணி ஒட்டிவிடும். கம்பெனிக்காரருக்கு முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"கஸ்டமர்ஸ் ஒரு குறை சொல்றாங்க மேடம். உங்க சவுண்ட் ரொம்ப சுத்தமா இருக்காம். மெஷின் மாதிரி இருக்குங்கறாங்க."

"என் வாசிப்பு மெஷின் மாதிரி இருக்கா?"

"உங்க வாசிப்பு இல்ல மேடம், எங்க சாஃப்ட்வேர். அதனால இந்தத் தடவை தப்புகளை மட்டும் ரெக்கார்ட் பண்றோம். வில் வழுக்குறது, சுருதி லேசா இறங்குறது, மூச்சு இழுக்குற சத்தம். நீங்க தப்பா வாசிக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். ஒரு சுரம் பிசகினால் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் வளர்ந்தவளிடம், கழுத்தெலும்பில் காய்ப்புக் காய்த்தவளிடம் சொல்கிற பேச்சு இது. எழுந்து போயிருக்கலாம். துணிக்கடையை நினைத்துக்கொண்டு வில்லை எடுத்தாள்.

காலை முழுக்கத் தப்பாக வாசித்தாள். சுருதியை இறக்கினால் சொன்ன அளவுக்கு, மயிரிழை பிசகாமல் இறங்கியது. வில்லை வழுக்கவிட்டால் ஆறு தடவையும் அச்சடித்தது போல ஒரே இடத்தில் வழுக்கியது.

"மேடம், இது வேணும்னே தப்பு பண்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் இயல்பா தப்பு பண்ணுங்களேன்."

"இயல்பா எனக்குத் தப்பு வராது தம்பி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பா வாசிக்கச் சம்பளமா? கரும்பு தின்னக் கூலியா?"

"நீங்க ஒரு லிஃப்ட ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற மாதிரி ரிப்பேர் பண்ணிக் குடுங்க பாப்போம். இயல்பா."

சிரிப்பு நின்றது. "அது பாவம்" என்றார்.

"அதேதான்" என்று போனை வைத்தாள்.

மதியத்துக்கு மேல் கம்பெனிக்காரர் புது உற்சாகத்தோடு வந்தார். "உங்களுக்குப் புரியுற மாதிரி ஒண்ணு போடுறேன் மேடம். உங்களோடதுதான். பழைய டிஸ்க்ல, கழிச்சு வெச்சதுல கிடைச்சுது" என்று ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

வயலினின் அடிக்கம்பி. நீளமான ஒரு சுரம். வில் பாதி தூரம் நேராகப் போனது, பிறகு நடுங்கியது. முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சின்ன சத்தம். அடுத்த சுரம். அதற்கடுத்தது. மொத்தம் பதினொன்று இருக்கிறது என்றார் கம்பெனிக்காரர்.

முதல் சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள், மதியம் மூன்று மணி. இடைவேளையில் போனை எடுத்தால் அண்ணனிடமிருந்து எட்டு அழைப்பு, கீழே ஒரு வரி: அம்மா போயிட்டாங்க, சீக்கிரம் வா. அடிக்கம்பி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை முடிக்காமல் போனால் மூன்று நாளும் வீண் என்று அப்போதிருந்த மேற்பார்வையாளர் காலையில்தான் சொல்லியிருந்தார். அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் வாசித்தாள். வீட்டுக்குப் போனபோது வழியெல்லாம் டிராஃபிக் என்று அண்ணனிடம் சொன்னாள். வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்தப் பொய் ஒன்றுதான் அவளை ராத்திரி எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

"என்னா ஃபீல் மேடம் இது" என்று கம்பெனிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல போட்டுக் காட்டினோம், ரெண்டு பேர் அழுதுட்டாங்க. 'கண்ணீர்'னு பேர்கூட வெச்சாச்சு. ஆனா ஒரு கம்பிதான் இருக்கு. மிச்சம் மூணு கம்பிலயும் இதே மாதிரி வாசிச்சுட்டீங்கன்னா முழு செட்டா விக்கலாம்."

"அதை நிறுத்துங்க."

"கேளுங்க மேடம், இன்னும் நாலு—"

"நிறுத்துங்கன்னேன். அது தப்பா வாசிச்சது இல்ல. எங்கம்மா செத்த சேதி வந்து கால் மணி நேரத்துல வாசிச்சது."

ஒலிபெருக்கி நின்றது. கம்பெனிக்காரர் முகம் மாறித்தான் போனது, அதில் பொய் இல்லை. "சாரி மேடம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதான் அவ்ளோ உண்மையா இருக்கு. இதை நாங்க விளம்பரத்துல சொல்லலாமா?"

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். பிடுங்குகிறவன் இத்தனை மரியாதையாக அனுமதி கேட்டு அவள் பார்த்ததில்லை. வில்லின் முடியைத் தளர்த்தினாள், வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் வாசிக்கல. அந்தப் பதினொண்ணையும் அழிங்க."

"மேடம், கோவப்படாதீங்க. அது கம்பெனி சொத்து. இந்த ரூம்ல விழுந்த எல்லா சத்தமும் எங்களுதுன்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. நீங்க வாசிக்கலைன்னா மிச்சத்துக்கு வேற ஆள் வெச்சுப்போம். அவ்ளோதானே?"

"வெச்சுக்கோங்க. அந்த ஆள் வீட்ல யாராவது சாகுற வரைக்கும் மைக்க ஆன் பண்ணிட்டுக் காத்திருங்க."

படியிறங்கும்போது ஒலிப்பதிவாளர் பின்னாலேயே ஓடி வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அன்னைக்கு நீங்க அழுறத கண்ணாடி வழியா பாத்தேன். நானாவது நிறுத்தியிருக்கணும்."

"நீ ஏன்டா நிறுத்தணும். வில்லு என் கைலதானே இருந்துச்சு."

தெருவில் வெயில் முகத்தில் அடித்தது. பேருந்து நிறுத்தம் வரை கால்கள் தானாகப் போயின. யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கோபம். கம்பெனி மேல், படிக்காமல் போட்ட கையெழுத்தின் மேல், அன்றைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் மேல். நிழலில் நின்ற பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இதுவரை அவர்களிடம் இருந்தது சத்தம் மட்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆத்திரத்தில் வாயை விட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டுத்தான் விளம்பரத்தில் போடுவார்கள் என்று என்ன நிச்சயம்? நாளைக்கே யாராவது ஒருவன் போனை அண்ணன் முன்னால் நீட்டி, இது உன் தங்கச்சியா பாரு என்பான்.

திங்கட்கிழமை கடைக்கு வருவதாக அக்காவிடம் சொல்லிவிடும்படி வீட்டுக்காரருக்கு ஒரு வரி அனுப்பினாள். அடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். நாலாவது மணி அடித்ததும் எடுத்தான்.

"அண்ணா, அம்மா போன அன்னைக்கு நான் லேட்டா வந்தேன்ல."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"டிராஃபிக் இல்லண்ணா. மூணு மணிக்கே நீ அனுப்பினதப் பாத்துட்டேன். வேலைய முடிச்சுட்டு வந்தேன்."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்த குழாயை அண்ணன் மூடுகிற சத்தம் கேட்டது.

"எட்டு வருஷம் கழிச்சு இத ஏன் சொல்ற?"

"அன்னைக்கு வாசிச்சத விக்கப் போறாங்கண்ணா. அத வேற எவனோ சொல்லி நீ கேக்கக் கூடாது."

"நீ வந்து பாக்கணும்னு அம்மா முகத்தை மூட விடல நான்" என்றான் அண்ணன். "எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னாங்க. சித்தப்பா சட்டையப் பிடிக்காத குறை. என் தங்கச்சி வந்துட்டே இருக்கா, பாவம், வழியில மாட்டிக்கிட்டான்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சண்டை போட்டேன்."

"திட்டுண்ணா."

திட்டினான். சின்ன வயதில்கூட அவன் அப்படித் திட்டியதில்லை. இரண்டு பேருந்துகள் வந்து நின்று போயின. அவள் ஏறவில்லை. அண்ணன் திட்டி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை.