அர்லிஸின் ரிமோட்

எங்கள் வீட்டு முன்கதவுக்கு இரண்டு பூட்டு. அந்த வழியாக வருபவர்கள் பாதிரியார், பிஸ்கட் விற்கும் சிறுமிகள், ஓட்டுக் கேட்கிறவர்கள். என் மனைவி அர்லிஸைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். வீட்டு மனிதர்கள் கார் நிறுத்தும் கராஜ் வழியாகத்தான் வருவோம். கராஜிலிருந்து சமையலறைக்குள் நுழையும் கதவை நாற்பது வருடமாகப் பூட்டியதே இல்லை. விஸ்கான்சினில் எங்கள் தெருவில் யாருமே பூட்டுவதில்லை. என்னை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

அர்லிஸுக்குத் தபால் நிலையத்தில் வேலை. நாலரை மணிக்கு கராஜ் கதவு கடகடவென்று ஏறினால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்குக் கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தின்றுகொண்டிருக்கும் சீஸ் பொட்டலத்தை ஒளித்துவைக்க அந்தச் சத்தம் எனக்குப் பன்னிரண்டு நொடி கொடுக்கும். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை என்று பெருமையாக இருந்தேன். அவள் போன பிறகுதான் எங்கள் மகள் கோரின் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா. கதவு திறந்தப்புறமும் கார்லயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாங்க. அந்த மனுஷன் ஒளிச்சுக்கட்டும்னு சொல்லிச் சிரிப்பாங்க."

அதைச் சொன்ன அதே வாரத்தில் நான் அர்லிஸின் காரை விற்றேன். வாசலில் அது நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கோரினிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்புதான். அவள் கத்தினாள், நானும் கத்தினேன். வாங்கியவன் வந்தபோது காரின் வெயில் மறைப்பில் மாட்டியிருந்த, கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட்டைக் காணோம். கோரின் எடுத்துக்கொண்டு மினியாபோலிஸுக்குப் போய்விட்டாள். எட்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் ரிமோட் அவளிடம் இருக்கிறது. என்றைக்காவது கதவு ஏறும் என்று காத்திருந்தேன். அதைத் தவிர வேறு நம்பிக்கை எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் விருந்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், என் பிக்கப் வண்டியின் கதவு திறந்து கிடக்கிறது. வெயில் மறைப்பில் என்னுடைய ரிமோட் இல்லை. விலாசம் எழுதிய வண்டிப் பதிவுச் சீட்டும் இல்லை.

பக்கத்து வீட்டு லவெர்ன் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுச் சாவியையும் விலாசத்தையும் ஒண்ணா வச்சு, பூட்டாத வண்டியில விட்டுட்டு, மீன் திங்கப் போயிருக்க! கேக் ஒண்ணு செஞ்சு வச்சிருந்தா திருடனுக்கு இன்னும் வசதியா இருந்திருக்கும்."

"உன் ரிமோட் எங்க இருக்கு?"

"என் பேச்சு இப்ப எதுக்கு?" என்றவள் தன் காரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "முதல்ல போய் கராஜ் கூரையில இருக்கிற மோட்டார்ல ஊதாப் பொத்தானை அமுக்கிப் பிடி. விளக்கு அணையிற வரைக்கும். பழைய ரிமோட் ஒண்ணும் வேலை செய்யாது."

"ஒண்ணுமேவா? ஒண்ணை மட்டும் விட முடியாதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் தணிந்தது. "முடியாது வெண்டெல். எல்லாம் போயிடும்."

நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. திருடன் எங்கே வரப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கடகடவென்று கதவு ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், திருடன் என் நினைவிலேயே வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். "கோரின்!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். தொப்பி போட்ட ஒருவன் என் பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நின்றான். என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அவன் பயந்திருக்க வேண்டும். கையிலிருந்த ரிமோட்டோடு ஓடியே போய்விட்டான்.

எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை. அந்தச் சத்தத்தை அவன் தொட்டுவிட்டானே என்பதுதான் தாங்கவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு ஏறி, பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விளக்கு அணைந்தது. ஏணி மேலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கோரினைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உன் ரிமோட் இனிமே வேலை செய்யாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அதுல பேட்டரி செத்து ஆறு வருஷம் ஆச்சுப்பா" என்றாள்.

"அப்புறம் ஏன் வச்சிருக்க?"

"மூணு கார் மாத்திட்டேன். ஒவ்வொண்ணுலயும் அதை மாட்டியிருக்கேன். நீங்க கதவு மோட்டாரையே மாத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன். வந்து அமுக்கி, திறக்கலன்னா முன்கதவைத்தானே தட்டணும். அது என்னால முடியாது."

"முன்கதவுக்கு நீ வரவே வேண்டாம். பேட்டரி வாங்கிப் போட்டுட்டு வா. நான் மேல பொத்தானை அமுக்கினதும் முப்பது நொடிக்குள்ள நீ அமுக்கணும். பழைய ரிமோட்டும் திரும்பக் கத்துக்கும்."

சனிக்கிழமை நாலரை மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் ஏணியில் தயாராக இருந்தேன். துணைக்கு ஒரு சீஸ் பொட்டலமும் இருந்தது. பொத்தானைத் தட்டி, "அமுக்கு!" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினேன்.

கதவு அசைந்தது. கடகடவென்று ஏறியது. என் கை தானாகப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து அலமாரியில் இருந்த பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் தள்ளியது. காரின் சக்கரங்கள் தெரிந்தன, பிறகு விளக்குகள், பிறகு கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம். கதவு முழுவதும் ஏறி நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

கடைசியில் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒளிச்சாச்சாப்பா?"

"ஆச்சு" என்றேன். "உள்ள வா."